வில்லியமின் காற்றாலை எதனால் சுழன்றது?

வில்லியம் கம்க்வாம்பாவின் கதை நம்மவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் அடிக்கடி சுற்றி வருகிறது. பெரும்பாலும் நாலைந்து வரிதான். ஆப்பிரிக்காவின் மலாவியில் ஓர் ஏழைச் சிறுவன், பள்ளிக்கூடம் போகப் பணமில்லை, குப்பையில் கிடந்ததை எடுத்துக் காற்றாலை செய்தான், ஊருக்கே விளக்கேற்றினான், மனமிருந்தால் மார்க்கமுண்டு. கீழே கைகூப்பும் படங்கள் வரிசையாக விழும். அத்தோடு சரி.

தென்னாப்பிரிக்காவில், டர்பனின் இந்தியர் குடியிருப்பான சாட்ஸ்வொர்த்தில் சனிக்கிழமைகளில் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இயற்பியல் சொல்லித் தருகிறவன் நான். இந்தக் கதையைப் பிள்ளைகளிடம் சொல்லும்போதெல்லாம் அவர்கள் கேட்பது ஒரே கேள்வி: "அது எப்படி சார் ஓடிச்சு?" அந்தக் கேள்விக்கு மார்க்கமுண்டு என்பது பதிலாகாது. விடாமுயற்சி இருந்தது உண்மை. ஆனால் விடாமுயற்சி எதன்மேல் போய் நின்றது, எது அதைத் தாங்கியது என்று பார்த்தால்தான் டர்பனில் இருக்கிற ஒரு பிள்ளைக்கு இந்தக் கதையால் பயன். அதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதப் பார்க்கிறேன்.

முதலில் பஞ்சம். 1987-ல் பிறந்த வில்லியம் வளர்ந்தது மலாவியின் நடுப்பகுதியில், கசுங்கு வட்டாரத்தில் விம்பேக்குப் பக்கத்துக் கிராமத்தில். அப்பா மக்காச்சோளமும் புகையிலையும் பயிரிடுகிற விவசாயி. வீட்டில் ஏழு பிள்ளைகள், இவன் ஒருவன்தான் பையன். அங்கே சோறு என்றால் ன்சிமா, அதாவது மக்காச்சோள மாவில் கிண்டும் களி. டர்பன் இருக்கும் நேட்டாலில் ஸூலு மக்கள் பூத்து என்று சாப்பிடுவதற்கு நெருங்கிய உறவு. வருஷத்துக்கு ஒரே மழைக்காலம், ஒரே அறுவடை. மழை தப்பினால் அடுத்த அறுவடை வரை களஞ்சியத்தில் இருப்பதுதான் உயிர்.

2001-ல் மழை முறைதவறி வந்தது. சில இடத்தில் வெள்ளம், சில இடத்தில் வறட்சி. அது மட்டுமே காரணமென்றால் நாடு சமாளித்திருக்கும். அவசரகாலத்துக்கென்று அரசு வைத்திருந்த தானியக் கையிருப்பு அதற்கு முன்பே விற்கப்பட்டிருந்தது. யார் சொல்லி விற்றார்கள், பணம் எங்கே போனது என்பது பற்றி மலாவி அரசும் பன்னாட்டு நாணய நிதியமும் பிறகு ஒருவரை ஒருவர் கைகாட்டினார்கள். விதையும் உரமும் எல்லாச் சிறு விவசாயிகளுக்கும் இலவசமாகக் கொடுத்துவந்த திட்டமும் சுருக்கப்பட்டிருந்தது. மக்காச்சோள விலை பல மடங்கு ஏறியது. வில்லியமின் வீட்டில் நாளைக்கு ஒரு வேளை, அதுவும் இராத்திரியில், ஆளுக்கு மூன்று வாய் ன்சிமா. ஆண்டுக்கு 80 டாலர் அளவில் வந்த பள்ளிக் கட்டணத்தைக் கட்ட முடியாமல் உயர்நிலைப் பள்ளியின் முதல் ஆண்டிலேயே அவன் நின்றான்.

பஞ்சத்தை இவ்வளவு சொல்வதற்குக் காரணம் உண்டு. அவன் காற்றாலையைத் தேர்ந்தெடுத்தது விளக்குக்காக மட்டுமல்ல. தண்ணீர் இறைக்கவேண்டும் என்பது அவன் கனவு. தண்ணீர் இருந்தால் வருஷத்துக்கு இரண்டு அறுவடை, அம்மாவுக்கு ஒரு காய்கறித் தோட்டம், மறுபடியும் பட்டினி கிடக்கவேண்டாம். வாட்ஸ்அப்பில் வருகிற நாலு வரியில் இந்தப் பகுதி எப்போதும் விடுபட்டுப் போகிறது.

பள்ளி நின்றபின் அவன் போன இடம் விம்பே தொடக்கப் பள்ளியில் இருந்த சிறு நூலகம். அமெரிக்காவிலிருந்து நன்கொடையாக வந்த பழைய புத்தகங்கள் மூன்று அலமாரி நிறைய இருந்தன. அதில் எரிசக்தியைப் பற்றிய ஒரு பள்ளிப் பாடநூலின் அட்டையில் காற்றாலைகள் வரிசையாக நின்றன. அவனுக்கு ஆங்கிலம் சரியாக வராது. அதனால் படத்திலிருந்து தொடங்கினான். படம் 10 புரியவேண்டும் என்றால், பாடத்துக்குள் படம் 10 என்று எழுதியிருக்கும் இடத்தைத் தேடி, அதைச் சுற்றியுள்ள வாக்கியங்களை மட்டும் எடுத்துக்கொள்வான். தெரியாத வார்த்தைக்கு அகராதி, அதுவும் போதாவிட்டால் நூலகப் பெண்மணி. என் வகுப்பில் பாடநூலை முதல் பக்கத்திலிருந்து படித்து மூன்றாம் பக்கத்தில் மனம் சோர்ந்துபோகிற பிள்ளைகளுக்கு இந்த முறையைத்தான் இப்போது பழக்குகிறேன். படத்தைப் பிடி, படத்தின் எண்ணைப் பிடி, அந்த எண் எங்கெல்லாம் வருகிறதோ அங்கே போ. தமிழில் படித்துவிட்டு இங்கே வந்து ஆங்கிலத்தில் அறிவியல் படிக்கத் திணறும் பிள்ளைகளுக்கு இது கைகொடுக்கிறது.

இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். அந்த நூலகம் பள்ளியில் பெயர் இல்லாத பையனுக்கும் புத்தகம் கொடுத்தது. கட்டணம் கட்டினாயா என்று கேட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

அதற்கு முன்பே அவன் கைக்கும் பழக்கம் இருந்தது. உறவுப் பையனோடு சேர்ந்து ஊரார் ரேடியோக்களைப் பிரித்துச் சரிபார்த்து வந்தவன். எந்தப் பாகத்தைக் கழற்றினால் என்ன சத்தம் நிற்கிறது என்று பார்த்துப் பார்த்துக் கற்ற அறிவு அது. தானாகக் கற்றவன் என்று சொல்லும்போது ஒன்றுமில்லாத இடத்திலிருந்து கற்றவன் என்று அர்த்தமாகிவிடுகிறது. அப்படி யாரும் கற்பதில்லை.

இனி அந்தப் பிள்ளைகள் கேட்ட கேள்விக்கு வருவோம். அது எப்படி ஓடியது?

அவன் சேர்த்த பொருள்கள்: ஒரு டிராக்டரின் விசிறி, ஒரு அதிர்வுதாங்கி, அப்பாவின் பழுதான சைக்கிள், ஒரு சைக்கிள் டைனமோ, பிவிசி குழாய், யூகலிப்டஸ் மரக்கம்பங்கள். டிராக்டர் விசிறியும் அதிர்வுதாங்கியும் பள்ளிக்கு எதிரே ஒரு பழைய புகையிலைத் தோட்டத்தின் வண்டிக்கொட்டகையில் துருப்பிடித்துக் கிடந்த இரும்புக் குவியலிலிருந்து வந்தவை. டைனமோவை ஊர்த் தலைவரின் மகனான நண்பன் தன் காசில் வாங்கிக் கொடுத்தான். பற்றவைப்பு வேலைக்குக் கடைக்காரருக்குக் கொடுக்கவேண்டிய கூலியை வில்லியம் விறகு ஏற்றிச் சம்பாதித்தான்.

குளியலறையிலிருந்து தண்ணீர் போகும் குழாயைத் தோண்டி எடுத்து, நீளவாக்கில் பிளந்து, நெருப்பில் காட்டி இளக்கி, தட்டையாக்கினான். அதுதான் இறக்கை. துளைபோடும் கருவி இல்லை. ஓர் ஆணியை மக்காச்சோளத் தக்கையில் செருகினால் அதுவே கைப்பிடி. ஆணியைச் சிவக்கக் காய்ச்சிக் குழாயில் அழுத்தினால் துளை. வாஷருக்கு மதுக்கடை வாசலில் கிடந்த பாட்டில் மூடிகளைப் பொறுக்கித் தட்டிக்கொண்டான். ஒவ்வொரு குறைக்கும் கையருகே இருந்ததில் ஒரு மாற்று. அவன் கண்டுபிடிப்பு என்று நான் மதிப்பது இதைத்தான். காற்றாலையை உலகம் ஆயிரம் ஆண்டுக்கு முன்பே அறியும். காய்ச்சிய ஆணியிலும் மக்காச்சோளத் தக்கையிலும் அதைச் செய்யமுடியும் என்பது விம்பேயில் அறியப்பட்டது.

சைக்கிள் எதற்கு? டைனமோவை நேரே இறக்கையில் மாட்டினால் ஆகாதா? என் வகுப்பில் கட்டாயம் வரும் கேள்வி. ஆகாது. காற்றில் பெரிய இறக்கை மெதுவாகத்தான் சுற்றும், நிமிடத்துக்கு அறுபது சுற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். டைனமோவோ ஆயிரக்கணக்கில் சுற்றினால்தான் போதிய மின்னழுத்தம் தரும். நடுவே வேகத்தைப் பெருக்க ஒரு பற்சக்கரப் பெட்டி வேண்டும், அது விலை கூடிய சாமான். சைக்கிளுக்குள் அந்தப் பெட்டி ஏற்கெனவே இருக்கிறது. மிதி இருக்கும் இடத்துப் பெரிய பல்சக்கரத்தில் ஏறத்தாழ 44 பற்கள், பின்சக்கரத்துச் சின்னதில் 18. மிதி ஒருமுறை சுற்றினால் பின்சக்கரம் இரண்டரை முறை சுற்றும். அந்தச் சக்கரத்தின் விட்டம் 66 சென்டிமீட்டர் என்றால், டயரில் உரசும் டைனமோ உருளையின் விட்டம் 2 சென்டிமீட்டர்தான். அங்கே இன்னொரு 33 மடங்கு. இரண்டையும் பெருக்கினால் இறக்கையின் ஒரு சுற்றுக்கு டைனமோ 80 சுற்று. நிமிடத்துக்கு அறுபது என்பது ஐயாயிரத்தைத் தொடுகிறது. மிதியின் இடத்தில் டிராக்டர் விசிறியைப் பொருத்தி, காலுக்குப் பதில் காற்றை மிதிக்கவிட்டான் அந்தப் பையன். நான் சொன்ன எண்கள் ஒரு சாதாரண சைக்கிளின் கணக்கு, அவன் சைக்கிளில் பற்கள் கொஞ்சம் முன்பின் இருந்திருக்கும். இதை அவன் தாளில் போட்டுப் பார்த்தானா என்பதைவிட, சைக்கிள் விளக்கைப் பார்த்து, மிதிக்கிற அசைவுதான் வெளிச்சமாகிறது என்று பிடித்துக்கொண்டானே, அதுதான் எனக்குப் பெரிது.

கோபுரம் முதலில் 5 மீட்டர். பிறகு 12 மீட்டர் வரை உயர்த்தினான். மரங்களும் வீடுகளும் காற்றை மறிக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும், எவ்வளவு நஷ்டம் என்பதுதான் தெரியாது. காற்றிலுள்ள சக்தி அதன் வேகத்தின் முப்படிக்கேற்ப மாறும். 2 மீட்டர் விட்டமுள்ள இறக்கையை எடுத்துக்கொள்வோம். காற்று வினாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் வந்தால் இறக்கையின் பரப்பில் கடந்துபோவது 50 வாட் அளவு. வேகம் 6 மீட்டர் ஆனால் 400 வாட். வேகம் இரட்டித்தால் சக்தி எட்டு மடங்கு. அதில் எவ்வளவு நல்ல காற்றாலையானாலும் 59.3 விழுக்காட்டுக்கு மேல் எடுக்கமுடியாது என்று ஜெர்மானிய இயற்பியலாளர் ஆல்பர்ட் பெட்ஸ் 1919-ல் கணக்கிட்டுச் சொன்னார். காற்றை முழுவதும் நிறுத்திவிட்டால் பின்னால் வரும் காற்றுக்கு வழி இருக்காது, ஆகவே கொஞ்சம் விட்டுத்தான் ஆகவேண்டும். வீட்டில் செய்த குழாய் இறக்கை ஐந்தில் ஒரு பங்கைப் பிடித்தாலே அதிகம். தாழ்ந்த கோபுரத்தில் மெல்லிய காற்றில் 10 வாட்தான் தேறும். உயரமும், இறக்கைகளை மூன்றிலிருந்து நான்காக்கியதும் அந்தச் சிறு கையிருப்பைக் கூட்டத்தான்.

முதல் நாள் அவன் கோபுரத்தின்மேல் ஏறி, சக்கரத்துக்குள் செருகி வைத்திருந்த வளைந்த சைக்கிள் கம்பியை உருவினான். அதுதான் பிரேக். சக்கரம் சுற்றத் தொடங்கியது, கையில் பிடித்திருந்த சிறு பல்ப் முதலில் மினுக்கி, பிறகு நின்று எரிந்தது. கீழே, பைத்தியம் என்று அதுவரை பேசிக்கொண்டிருந்த கூட்டம். அவனுக்கு அப்போது 14 வயது.

அதன்பின் வீட்டுக்குள் கம்பி இழுத்தான். நான்கு பல்புகள், ரேடியோ. இராத்திரி ஏழு மணிக்கே படுத்துவிடும் வீட்டில் மண்ணெண்ணெய்ப் புகையில்லாமல் உட்கார்ந்து படிக்கமுடிந்தது. கைப்பேசி வைத்திருந்தவர்கள் சார்ஜ் போட வரிசையில் நின்றார்கள். ஆப்பிரிக்கக் கிராமங்களில் மின்கம்பி வருவதற்குப் பல ஆண்டு முன்பே கைப்பேசிக் கோபுரம் வந்துவிட்டது. கையில் போன் இருக்கும், சார்ஜ் போட இடமிருக்காது. அந்த இடைவெளியில்தான் ஒரு சைக்கிள் டைனமோ ஊருக்குப் பயன்பட்டது.

நான் அதிகம் வியப்பது காற்றாலையைவிட அவன் செய்த ஒரு சின்னப் பெட்டியைத்தான். வீட்டுக் கூரை கரையான் அரித்துத் தொய்ந்து, கம்பிகள் ஒன்றோடொன்று உரசிக் கருகிப்போயின. கூரையோ புல்வேய்ந்தது. ஒரு பொறி போதும். அதற்குப் பிறகு இரண்டு ஆணிகளில் செம்புக்கம்பி சுற்றி, நடுவே ஒரு காந்தத் துண்டு வைத்து மின்துண்டிப்பான் செய்தான். மின்னோட்டம் அளவுமீறினால் ஆணிகள் வலுவான காந்தமாகி, நடுவிலிருப்பதை இழுத்துத் தொடர்பை அறுத்துவிடும். மின்சார மணி வேலை செய்யும் அதே முறை. சுவிட்சுகளுக்கு ரப்பர் செருப்பை அறுத்துக்கொண்டான். வெளிச்சம் வந்தவுடன் நின்றுவிடாமல், அது வீட்டைக் கொளுத்திவிடாமல் பார்க்கவேண்டும் என்று உட்கார்ந்தானே, அங்கேதான் விளையாட்டுப் பையன் பொறியாளனாக மாறுகிறான்.

சரி, தண்ணீர் என்ன ஆயிற்று? அந்தக் காற்றாலை தண்ணீர் இறைக்கவில்லை. இதையும் கணக்கில் பார்க்கலாம். ஓர் ஏக்கர் பயிருக்கு நாளைக்கு 5 மில்லிமீட்டர் தண்ணீர் என்றால் 20,000 லிட்டர். அதைப் 10 மீட்டர் ஆழத்திலிருந்து ஏற்ற, ஒரு பொட்டுகூட வீணாகாது என்று வைத்துக்கொண்டாலும், 545 வாட்-மணி வேண்டும். 12 வாட் தரும் டைனமோ அதைச் செய்து முடிக்க 45 மணி நேரம் ஆகும். ஒரு நாளில் இருப்பதே 24 மணி நேரம். வீட்டு விளக்குக்கும் வயல் தண்ணீருக்கும் நடுவே உள்ள தூரம் அவ்வளவு.

ஜோஹன்னஸ்பர்கிலிருந்து கேப்டவுனுக்கு என்1 சாலையில் போனவர்கள் கரூ வறண்ட நிலத்தில் நிற்கும் இரும்புக் காற்றுப்பம்புகளைப் பார்த்திருப்பீர்கள். பூவிதழ்போல நெருக்கமாகத் தகடுகள், கீழே ஒரு தொட்டி, சுற்றிலும் ஆடுகள். அவை மின்சாரமே எடுப்பதில்லை. நிறையத் தகடு இருப்பதால் மெல்லிய காற்றிலும் மெதுவாக, ஆனால் வலுவாகச் சுற்றி, ஒரு தண்டை நேரே மேலும் கீழும் இழுத்து நீர் ஏற்றும். மின்சாரக் காற்றாலைக்கு வேகம் வேண்டும், பம்புக்கு இழுவை வேண்டும். ஒன்றைச் செய்தால் மற்றது தானாக வராது. விம்பேயில் தண்ணீர் பிறகு வேறு வழியில் வந்தது. வெளியிலிருந்து உதவி கிடைத்தபின், ஆழ்துளைக் கிணறும் சூரியசக்திப் பம்பும் தொட்டியும் அமைத்தார்கள். ஊரார் அதிலிருந்து நல்ல தண்ணீர் பிடித்தார்கள்.

உதவி எப்போது கிடைத்தது என்பதையும் சொல்லவேண்டும். காற்றாலை எழுந்தது 2002-ல். மலாவி நாளிதழ் ஒன்று அதைப்பற்றி எழுதியது 2006-ல். நடுவே நான்கு ஆண்டுகள் அவன் பள்ளிக்கு வெளியேதான் இருந்தான். அந்த ஆண்டுகளில் ஊரில் மழை பொய்த்தபோது, இவன் காற்றாலைதான் மேகத்தை ஊதித் தள்ளிவிடுகிறது என்றுகூடச் சிலர் சொன்னார்கள். செய்தி வெளிவந்து, 2007-ல் தான்சானியாவின் அருஷா நகரில் டெட் உரை மாநாட்டு மேடையில் ஏறி, தயங்கித் தயங்கி ஆங்கிலத்தில் முயன்றேன், செய்தேன் என்று அவர் சொன்னபோது வயது 19. அதற்குப் பிறகுதான் நன்கொடை வந்தது, பள்ளிப் படிப்பு தொடர்ந்தது. விடாமுயற்சி அவருக்கு விளக்கைக் கொடுத்தது. பள்ளிக் கட்டணத்தை அதனால் கொடுக்கமுடியவில்லை. இந்த வித்தியாசத்தை நாம் மறந்துவிட்டால், கட்டணம் கட்ட முடியாத பிள்ளைகளைப் பார்த்து நீயும் முயன்றால் முடியும் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவோம்.

2008-ல் அவர் படிக்க வந்தது நம் நாட்டுக்குத்தான், ஜோஹன்னஸ்பர்குக்குப் பக்கத்திலுள்ள ஆப்பிரிக்கத் தலைமைத்துவ அகாடமிக்கு. அதே 2008 ஜனவரியில்தான் தென்னாப்பிரிக்காவில் லோட்ஷெடிங் (முறைவைத்த மின்வெட்டு) என்ற வார்த்தை வீட்டுக்கு வீடு புழக்கத்துக்கு வந்தது. அரசு மின்நிறுவனமான எஸ்காமின் பழைய நிலக்கரி நிலையங்கள் தடுமாற, சுரங்கங்கள்கூட நின்றன. பிறகு அவர் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் 2014-ல் பட்டம் பெற்று, மலாவியிலேயே இளைஞர்களுக்கான வேலைகளை எடுத்துச் செய்துவருகிறார். நமக்கு லோட்ஷெடிங் தொடர்ந்தது. 2023-ல் 300 நாட்களுக்கு மேல் மின்வெட்டு. மின்வெட்டு நேரம் சொல்லும் எஸ்காம்-சே-புஷ் செயலியைக் கைப்பேசியில் பார்க்காமல் குக்கர் வைக்கமுடியாத காலம். 2024 மார்ச் முதல் நிலைமை பெரிதும் தேறியிருக்கிறது, நடுநடுவே தலைகாட்டினாலும்.

தண்ணீரும் நமக்கு அந்நியக் கவலை இல்லை. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் குவாஸூலு-நேட்டாலில் 400 பேருக்கு மேல் இறந்தார்கள். டோங்காட்டின் நீர் சுத்திகரிப்பு நிலையம் சிதைந்து, ஊர் முழுக்கக் குழாய் மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தது. கரும்புத் தோட்டக் காலத்திலிருந்து நம் மக்கள் வாழ்கிற ஊர் அது. வயதான ஆயாக்கள் வாளியோடு தண்ணீர் லாரிக்குக் காத்து நின்றதை டோங்காட்காரர் யாரும் மறந்திருக்கமாட்டார்கள். யார் வீட்டில் ஜோஜோ என்ற பெரிய பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி இருந்ததோ அவர்கள் தெருவுக்கே கொடுத்தார்கள். கூரைத் தண்ணீரைத் தொட்டியில் பிடிக்க, முதல் மழையின் அழுக்கை ஒதுக்கிவிடும் குழாய் அமைப்பைப் பிவிசி துண்டுகளில் தாங்களே செய்துகொண்டவர்கள் உண்டு. கணக்கு எளிது: 100 சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1,000 லிட்டர். காற்றாலை அளவுக்குப் பெயர் வாங்கித் தராத வேலைதான். ஆனால் அதே கையறிவு, அதே தேவை.

இந்தக் கையறிவு நம் சமூகத்தில் எங்கிருந்து வந்தது என்று யோசிக்கும்போதுதான் வில்லியமின் கதை எனக்கு நெருக்கமாகிறது. 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து டர்பன் வந்தது முதல் 1911 வரை ஒன்றரை லட்சம் பேர் ஒப்பந்தக் கூலிகளாக வந்தார்கள். அவர்கள் பேரப்பிள்ளைகளுக்குத் தொழிற்கல்வியின் கதவு சாத்தியே இருந்தது. 1922-ன் தொழிற்பயிற்சிச் சட்டம் நிறத்தைப் பெயர்சொல்லித் தடுக்கவில்லை. ஆனால் அது கேட்ட படிப்பும் தொழிற்பள்ளியும் நம்மவர்களுக்கு எட்டாத இடத்தில் இருந்தன, வெள்ளைத் தொழிற்சங்கங்கள் மீதியைப் பார்த்துக்கொண்டன. சான்றிதழ் இல்லாமலேயே பட்டறையில் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்து, பார்த்துப் பார்த்து இன்ஜின் கற்றவர்கள் அந்தத் தலைமுறையினர். 1960-களில் டர்பனின் மேகஸீன் பாரக்ஸ் குடியிருப்பிலிருந்து சாட்ஸ்வொர்த்துக்குப் பெயர்க்கப்பட்டபோது அந்தக் கைத்தொழிலையும் கூடவே கொண்டுவந்தார்கள். இன்றைக்கும் சாட்ஸ்வொர்த்தில் வீட்டுக் கொல்லையில் கார் பிரித்துப் பூட்டுகிற தாத்தாக்களில் பலர் ஒரு நாள்கூட அதற்காக வகுப்பில் உட்கார்ந்தவர்கள் இல்லை.

அவர்கள் கற்றதும் தனியாக இல்லை. கட்டடச் செலவில் பாதியைச் சமூகம் திரட்டினால் மீதியை அரசு தரும் என்ற முறையில் நேட்டாலில் நம்மவர்கள் ஊர் ஊராகப் பள்ளி கட்டினார்கள். சம்பளத்தில் பிடித்துக் கொடுத்தவர்கள், செங்கல் சுமந்தவர்கள், கோயில் நிலத்தை விட்டுக்கொடுத்தவர்கள் என்று எல்லோரும் சேர்ந்து செய்த வேலை. கொல்லத்திலிருந்து 1890-ல் ஒப்பந்தத் தொழிலாளியாக வந்த எம்.எல். சுல்தான் தந்த பெருங்கொடையில் இந்தியர்களுக்கான தொழில்நுட்பக் கல்லூரி எழுந்தது. 2002-ல் அது டெக்னிக்கான் நேட்டாலோடு இணைந்தது, இன்றைய டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் அப்படி வந்ததுதான். விம்பேயில் மூன்று அலமாரிப் புத்தகம் செய்ததை இங்கே அந்தக் கொடை ஆயிரம் மடங்காகச் செய்தது.

நம் காலத்திலும் இளையவர்கள் செய்கிறார்கள். 2016-ல் ஜோஹன்னஸ்பர்கின் கியாரா நிர்கின், 16 வயதில், ஆரஞ்சுத் தோலையும் அவகாடோத் தோலையும் கொண்டு மண்ணில் ஈரத்தைப் பிடித்துவைக்கும் பொருளைச் செய்து கூகிள் அறிவியல் போட்டியின் முதற்பரிசை வென்றார். அது நாடு கடும் வறட்சியில் இருந்த நேரம். நல்ல பள்ளி, நல்ல ஆய்வு வழிகாட்டல் எல்லாம் அவருக்கு இருந்தன. அதனால் அவர் சாதனை குறைந்துவிடாது. இருவரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்குத் தெரிவது இதுதான்: கண்முன் இருந்த பஞ்சமும் வறட்சியும் கேள்வியைக் கொடுத்தன, கைக்கெட்டிய பொருள் பதிலைக் கொடுத்தது. ஒருவருக்கு இரும்புக் குவியல், இன்னொருவருக்குப் பழத்தோல்.

எச்சரிக்கை ஒன்று உண்டு, இதைச் சொல்லாமல் பிள்ளைகளிடம் இந்தக் கதையைச் சொல்வதில்லை என்று வைத்திருக்கிறேன். வில்லியம் விளையாடியது 12 வோல்ட்டில். அது உடம்பில் ஷாக் அடிக்காது, ஆனால் கார் பேட்டரியின் இரு முனையையும் தவறி ஒரு ஸ்பேனரால் தொட்டால் இரும்பே சிவந்து உருகும், தீப்பிடிக்கும். நம் வீட்டுச் சுவரில் இருப்பது 230 வோல்ட். அங்கே தானாகக் கற்பது என்ற பேச்சே கூடாது. திருட்டுக் கம்பி இழுப்பவர்களை இங்கே இஸின்யோகா, பாம்புகள் என்பார்கள். அந்தக் கம்பிகளில் குழந்தைகள் செத்திருக்கிறார்கள். இன்வெர்ட்டரை வீட்டு இணைப்போடு சேர்க்கும் வேலையைப் பதிவுபெற்ற மின்பணியாளர்தான் செய்யவேண்டும், இணக்கச் சான்றிதழும் வாங்கவேண்டும். மின்வெட்டு நேரத்தில் தப்பாகப் பூட்டிய இன்வெர்ட்டர், தெருக்கம்பியில் வேலை செய்கிறவர் கைக்கு மின்சாரத்தைத் திருப்பி அனுப்பிவிடும்.

12 வோல்ட்டுக்குள் செய்ய எவ்வளவோ இருக்கிறது. லோட்ஷெடிங் குறைந்தபின் நம் வீடுகளில் பழுதான மின்வெட்டு விளக்கு, சின்ன சோலார் தகடு, ஓடாத மின்விசிறி, பழைய மோட்டார் என்று நிறையக் கிடக்கிறது. கோயில் மண்டபங்களில் சனிக்கிழமை காலையில் தேவாரமும் தமிழும் சொல்லித்தர இடமிருக்கிறது. அதன் ஓர் ஓரத்தில் இரண்டு மேசை, ஒரு மல்ட்டிமீட்டர், இரண்டு ஈயப்பற்றுக் கோல், அருகில் கொல்லைப்புற மெக்கானிக் தாத்தா ஒருவர் இருந்தால் தொடங்கிவிடலாம். பள்ளியில் பெயர் இருக்கிறதா, எத்தனை மதிப்பெண் என்று அங்கே யாரும் கேட்கவேண்டாம். உங்கள் வீட்டில் அப்படிக் கிடக்கும் சாமான்களைக் குப்பை வண்டியில் போடுமுன் உங்கள் ஊர்க் கோயில் குழுவிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். உப்பிப்போன லித்தியம் பேட்டரியை மட்டும் தயவுசெய்து எந்தப் பிள்ளை கையிலும் கொடுக்காதீர்கள், அதை மின்கழிவு எடுக்கும் இடத்தில் சேர்த்துவிடுங்கள்.